பஞ்சு மேஸ்திரியின் குரல்

"தூக்கு... ம்ஹூம். தூக்குடா... தூக்குங்கப்பா..."

குளியலறைக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். கூடவே வாளியில் தண்ணீர் விழும் ஓசை. முன்னறைத் தரையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பஸ்ஸம்மா கத்தியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"தூக்குங்க, தயவு செஞ்சு" என்றது குரல்.

அவள் எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"என்னங்க. யாருகிட்ட பேசறீங்க?"

குழாய் நின்றது. "யார்கிட்டயும் இல்லையே."

"தயவு செஞ்சுன்னு சொன்னீங்க."

"அது வாளிகிட்ட."

"வாளிகிட்டயே தயவு செஞ்சுன்னா, அந்த விசில் பயகிட்ட என்ன சொல்வீங்க? கால்ல விழுந்துட்டுதான் வேலையை ஆரம்பிப்பீங்களா?"

உள்ளே சோப்புத் தேய்க்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் வேகமாகக் கேட்டது. கோபம் வந்தால் அவர் சோப்பிடம்தான் காட்டுவார்.

பஸ்ஸம்மா என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. பள்ளிக்கூடப் பேருந்தில் குழந்தைகளை ஏற்றி இறக்கிப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் வேலை அவளுக்கு. அந்தப் பிள்ளைகள் கூப்பிட ஆரம்பித்து, தெருவே கூப்பிட்டு, கடைசியில் கட்டிய கணவரும் கூப்பிடத் தொடங்கிவிட்டார். ஒரு பேருந்து நிறைய வானரங்களை அவள் ஒரே பார்வையில் உட்கார வைப்பாள். பார்வை பலிக்காத நாளில் மூன்று எண்ணுவாள். இரண்டு வரும்போதே ஜன்னலுக்கு வெளியே நீண்ட கைகளெல்லாம் உள்ளே வந்துவிடும். உலகத்தில் தலைமை என்று ஒன்று இருக்கிறதென்றால் அது தன் தொண்டையில்தான் இருக்கிறது என்பது அவளுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அந்தத் தொண்டைக்கு வாய்த்த கணவர்தான் பஞ்சு.

பஞ்சுவும் பட்டப்பெயர்தான். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சுமை தூக்குபவர். ஆள் ஒன்றும் பஞ்சு போல இருக்க மாட்டார், கதவுநிலை அளவுக்கு இருப்பார். ஆனால் அவர் இறக்கி வைக்கும் பொருள் தரையில் படுகிற சத்தம் யாருக்கும் கேட்காது. ஒருமுறை ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைக்குப் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியை இறக்கி வைத்திருக்கிறார். குழந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை. அன்றைக்கு ஒட்டிய பெயர்.

அவருடைய பேச்சும் அப்படித்தான் இறங்கும், யாருக்கும் கேட்காமல். மருத்துவரைப் பார்க்கப் போனால் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய்விட்டு வந்த பிறகு, "நீங்க யாரு?" என்று கேட்கப்படுவார். நாற்காலியில் பூனை படுத்திருந்தால் இவர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். கல்யாணத்தன்று படம் பிடித்தவர், "கொஞ்சம் தள்ளுங்க" என்று வேறு யாரையோ சொன்னதற்கு, இவர் தள்ளித் தள்ளிப் படத்தை விட்டே வெளியே போய்விட்டார். இன்றைக்கும் அவர்கள் வீட்டு முன்னறைச் சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில் பஸ்ஸம்மா முழுசாக இருக்கிறாள். மாப்பிள்ளையின் தோள் ஒன்று இருக்கிறது. "தோள் இருந்தா போதும், தூக்கறவருக்கு அதுதானே முக்கியம்" என்று வருகிறவர்களிடம் அவளே சொல்லிவிடுவாள், அவர்கள் கேட்பதற்கு முன்னால்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் இப்போது மேஸ்திரி ஆகவேண்டிய கட்டாயம் வந்திருந்தது.

ஆசையால் வந்ததல்ல, முதுகால் வந்தது. படிக்கட்டில் ஒரு கனமான பொருளை இறக்கும்போது மேலே நிற்பவர் பிடித்துக்கொண்டால் போதும். கீழே நிற்பவர்தான் சுமக்க வேண்டும். இளமை முழுக்கப் பஞ்சு நின்றது அந்தக் கீழ் முனையில். இனிமேல் அங்கே நின்றால் மறுபடி நிமிர மாட்டீர்கள் என்று மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் காட்டிச் சொல்லிவிட்டார். சரியாக அதே சமயத்தில் பழைய மேஸ்திரி சொந்தமாக வண்டி வாங்கிக்கொண்டு விலகிப்போனார். மேஸ்திரி என்றால் தூக்க வேண்டாம், தூக்க வைத்தால் போதும். அது கிடைக்காவிட்டால் ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்கில் பூட்டுக்குக் காவல். பேச்சுத் துணைக்குப் பெட்டிகள்தான் இருக்கும். பஞ்சு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அவர் சாப்பாட்டில் பாதி பூனைக்குப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

போட்டிக்கு இன்னொருவன் இருந்தான். விசில். இரண்டு விரலை வாயில் வைத்து அவன் ஊதினால் தெருமுனையில் நாய்கள் எழுந்து நிற்கும். முதலாளிக்கு அவன் சத்தம் பிடிக்கும். வாடிக்கையாளர்களுக்கும் பிடிக்கும். வேலை நடப்பது காதில் கேட்கிறதல்லவா. ஆனாலும் பஞ்சு பழைய ஆள் என்பதால் முதலாளி அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். "இந்த வேலையை நீ நின்னு நடத்து. நானும் வந்து பார்க்கறேன். அப்புறம் முடிவு பண்ணலாம்."

வந்து சேர்ந்த வேலையோ அவர்கள் குடியிருக்கும் அதே கட்டிடத்தில். நேர் மேலே குடியிருந்த டீச்சர், ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தவர், மகனோடு போய்ச் சேரப் போகிறார். அவர் வீட்டில் ஒரு மூன்று கதவு அலமாரி உண்டு. நடுக்கதவில் ஆளுயரக் கண்ணாடி, தலையில் செதுக்கு வேலைப்பாடு. ஆணியோ திருகோ இல்லாமல் பசை போட்டு இறுக்கிச் செய்தது, கழற்றவே முடியாது. டீச்சரின் கணவர் கடையில் நின்று பார்த்துப் பார்த்துச் செய்யச் சொன்னது. அவர் போன பிறகு அவருடைய சட்டைகள் அதில்தான் தொங்கின.

பள்ளி விடுமுறையாதலால் பஸ்ஸம்மா வீட்டில் இருந்தாள். அதாவது, பயிற்சியாளர் கையருகே இருந்தார். சில நாட்களாகவே அவள் கணவருக்குப் பாடம் எடுத்துவந்தாள். நெஞ்சை நிமிர்த்துங்க. கண்ணைப் பாருங்க, காலைப் பார்க்காதீங்க. தயவு செஞ்சு என்ற வார்த்தையை மறந்துடுங்க. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணுங்க.

"பழைய மேஸ்திரி எண்ண மாட்டாரும்மா" என்று பஞ்சு சொல்லிப்பார்த்தார்.

"அவர் எண்ணலேன்னா நீங்களும் எண்ணக் கூடாதா? ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணுல தூக்கணும். என் பஸ்ல ஒரு வாலு மீறட்டும் பார்க்கலாம்."

"அவங்க பிள்ளைங்க இல்லையே."

"எல்லா ஆம்பளையும் பிள்ளைதான். எண்ணுங்க."

ஈரத்தலையோடு வெளியே வந்த பஞ்சுவைக் கண்ணாடி முன் நிறுத்தி, சட்டைக் காலரை இழுத்துவிட்டு, ஒருமுறை எண்ண வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மேலே அனுப்பினாள். அனுப்பிவிட்டு வாசல் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு படிக்கட்டைப் பார்த்து நின்றாள். வெங்காயம் பாதியில் கிடந்தது.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பெட்டிகள் இறங்கின, கட்டில் இறங்கியது, செடித்தொட்டிகள் இறங்கின. முதலாளி கீழே வண்டியருகே தொலைபேசியும் காதுமாக நின்றிருந்தார். பிறகு மேலே அலமாரியின் முறை வந்தது. அதன் நான்கு மூலைக்கு நான்கு பேர். மேல் முனையில் விசிலும் மாமனாரும். கீழ் முனையில் மருமகனும் வண்டி ஓட்டுநரும்.

மாமனாரும் மருமகனும் நிஜமாகவே மாமனார் மருமகன்தான். கல்யாணத்துக்கு மறுநாள் ஏதோ ஒரு நாற்காலி விஷயத்தில் மனஸ்தாபம் வந்து, அன்றிலிருந்து ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஒரே வண்டியில் வருவார்கள், ஒரே கட்டிலை இரண்டு பக்கமும் தூக்குவார்கள், ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். பேச்சு மட்டும் கிடையாது. மாமனார் நிற்கும் இடத்தில் மருமகன் வேறு யாரிடமும்கூட வாய் திறக்க மாட்டான்.

"ஒண்ணு" என்றது பஞ்சுவின் குரல் மேலேயிருந்து.

பஸ்ஸம்மா கதவோரம் நின்று விரலை மடக்கினாள். நல்ல கம்பீரமாகத்தான் இருந்தது.

"ரெண்டு."

அவசரக்காரனான விசில் ரெண்டிலேயே தூக்கிவிட்டான். "மூணு" என்றதும் மாமனார் தூக்கினார். மருமகன் மாமனார் தூக்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டுத் தூக்கினான். ஓட்டுநர் 'தூக்கு' என்று சொல்வார்கள் என்று காத்திருந்து கடைசியாகத் தூக்கினார். நான்கு கால்களும் நான்கு நேரத்தில் எழுந்த அலமாரி, தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆளைப் போல ஒரு பக்கம் சாய்ந்து, கதவுநிலையில் இடித்து, காரையில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தது.

"வரட்டும், வரட்டும், விடாதே, விடு" என்று விசில் கத்தினான்.

"விடறதா வேணாமா?" என்றார் ஓட்டுநர்.

"ஒண்ணு" என்றார் பஞ்சு மறுபடியும்.

"இப்ப எதுக்குண்ணே எண்றீங்க, தூக்கியாச்சு!"

சாய்ந்த அலமாரி சாய்ந்தபடியே வந்து, பஸ்ஸம்மாவின் வாசலுக்கு எதிரே, படிக்கட்டு திரும்பும் இடத்தில் சிக்கிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. அந்த அலமாரி மேலே ஏறிய காலத்தில் படிக்கட்டில் இரும்புக் கம்பித் தடுப்பு இல்லை. யாரோ ஒரு குழந்தை வழுக்கியதற்குப் பிறகு வீட்டுக்காரர் போட்டது அது. தலைச் செதுக்கல் சுவரில் குத்தி நின்றது. கால் கம்பியில் மாட்டி நின்றது.

பின்னாலேயே இறங்கி வந்த டீச்சர் அதைப் பார்த்தார். அலமாரியின் பக்கவாட்டில் கை வைத்தார், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பது போல.

"செதுக்கலை அறுத்துட்டா வந்துடும் டீச்சர்" என்றான் விசில் மேலேயிருந்து. "ரம்பம் வண்டியில இருக்கு."

"அறுக்கறதா?" என்றார் டீச்சர். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்த பஸ்ஸம்மாவுக்கு நெஞ்சில் இடி இறங்கியது. ஒரு இடி டீச்சருக்காக, இன்னொரு இடி கணவருக்காக. கீழே முதலாளி தொலைபேசியை அணைத்துவிட்டு மேலே ஏறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. கத்துங்க, இப்பவாவது கத்துங்க, என்று அவள் மனசுக்குள் கத்தினாள்.

பஞ்சு கத்தவில்லை. அலமாரிக்கு முன்னால் இறங்கி வந்து நின்ற அவர் மருமகனின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பிக்கும் அலமாரிக்கும் நடுவே அவை வெளுத்துப்போயிருந்தன. அந்தப் பையன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றானே தவிர, மேலே மாமனார் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

"இறக்கிடலாம்" என்றார் பஞ்சு.

"இங்க இறக்கினா மறுபடி எடுக்க முடியாதுண்ணே" என்றான் விசில்.

"அலமாரியை அப்புறம் பார்ப்போம். அவன் கை போயிடும்."

கம்பளியை மடித்து அடியில் திணித்தார். தானே குனிந்து ஒரு மூலையைத் தோளில் ஏந்தப் போனவர், பஸ்ஸம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, ஓட்டுநருக்குக் கையால் காட்டினார். அலமாரி சத்தமில்லாமல் கம்பளியில் அமர்ந்தது. மருமகன் விரல்களை உதறிக்கொண்டான்.

அதற்குள் முதலாளி வந்து சேர்ந்தார். பெயர்ந்த காரையைப் பார்த்தார், படியில் உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்த்தார்.

"யாருய்யா இதை இப்படிக் கொண்டுவந்தது?"

விசில் வாயைத் திறந்தான். அவன் பார்வை முதலில் ஓட்டுநர் மேல் போனது, பிறகு மருமகன் மேல் போனது, யாரைச் சொல்லலாம் என்று தேடியது.

"நான்தாங்க" என்றார் பஞ்சு. "எண்ணித் தூக்கச் சொன்னேன். எங்க ஆளுங்களுக்கு எண்ணிப் பழக்கமில்லை. நான் எண்ணியிருக்கக் கூடாது."

பஸ்ஸம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். போச்சு. எல்லாம் போச்சு. வாடிக்கையாளர் முன்னால், முதலாளி முன்னால், தன் வாயாலேயே கிடங்குச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார் மனிதர். அதை நினைத்து அழுவதற்குள் இன்னொன்று உறைத்தது. எண்ணச் சொன்னது யார்? அவர் இந்தப் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அது போதும், விசில் அதையே கதையாக்கித் தெருவெல்லாம் ஊதியிருப்பான். ஒரு பேருந்தையே அடக்கும் அந்தத் தொண்டை அப்போது வறண்டுபோயிருந்தது.

பஞ்சு அதற்குள் ஆட்களிடம் திரும்பிவிட்டார்.

"எனக்கு இங்கேருந்து பாதிதான் தெரியுது. மேல உனக்கு என்ன தெரியுது?"

தன்னைத்தான் கேட்கிறார் என்று விசிலுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. மேஸ்திரிகள் அவனிடம் எதையும் கேட்டதில்லை. "சுவர் தெரியுது" என்றான். பிறகு குனிந்து பார்த்து, கொஞ்சம் குரல் இறங்கி, "செதுக்கலுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு கை அளவு இருக்கு. நேரா வந்தா இடிக்காது. திரும்பினாத்தான் இடிக்கும்."

"மாமா, உங்க பக்கம்?" என்றார் பஞ்சு.

"என் பக்கம் கம்பிதான் தகராறு" என்றார் மாமனார்.

பஞ்சு மருமகனிடம் வந்தார். அவன் தரையைப் பார்த்தான். "நீ சொல்லு."

"ஒண்ணுமில்லைண்ணே."

"அங்க இறங்கி வரும்போதே எதையோ பார்த்தே. எனக்குத் தெரியும். இந்தக் கதவைத்தானே பார்த்தே?"

மருமகன் மேலே ஒருமுறை பார்த்தான். மாமனார் வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "நேரா வந்தா இடிக்காதுல்ல. நேரா வந்தா உங்க வீட்டு வாசல்தான் இருக்கு. பாதி உள்ள விட்டு, நிமிர்த்தித் திருப்பி, கால் பக்கம் முன்னால வர்ற மாதிரி எடுத்தா..."

அவன் முடிப்பதற்குள் பஸ்ஸம்மாவுக்கு விளங்கிவிட்டது. சின்னச் சந்துக்குள் அவளுடைய பேருந்து அப்படித்தான் திரும்பும், யாராவது ஒருவர் வீட்டுக் கேட்டுக்குள் மூக்கை நுழைத்து. விளங்கிய வேகத்திலேயே முன்னறையும் கண்முன் வந்தது. சோபா, மடிக்காத துணிக்குவியல், நடுவில் வெங்காயம்.

"முதல்லயே சொல்றதுக்கென்னடா?" என்றான் விசில்.

"கேட்டாத்தானே" என்றான் மருமகன்.

மாமனார் கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மூளை இருக்கு போல" என்று கூரையிடம் சொன்னார்.

பஞ்சு மனைவியிடம் திரும்பினார். "சோபாவை ஜன்னல் பக்கம் தள்ளு. தரையில கிடக்கறதை எல்லாம் எடு."

"அது எப்படிங்க, வீட்டுக்குள்ள..."

"இப்போ."

குரல் உயரவில்லை. குளியலறையில் வாளியிடம் பேசிய அதே குரல்தான். ஆனால் பஸ்ஸம்மா போய்விட்டாள். சோபாவைப் பாதி தள்ளிய பிறகுதான், தான் போய்விட்டது அவளுக்கே தெரிந்தது. கட்டிய நாளிலிருந்து தன்னிடம் ஒரு தடவைகூட எடுக்காத குரலை இந்த மனிதர் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று வியந்தபடி துணிகளை அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பூனை நாற்காலியில் இருந்தது. அதையும் தள்ளினாள்.

வெளியே நான்கு பேரும் மறுபடி பிடித்தார்கள். பஞ்சு பழக்கத்தில், "ஒண்ணு" என்று தொடங்கினார்.

"எண்ண வேண்டாம் தம்பி" என்றார் மாமனார். "எப்பவும் போல மூச்சை இழுங்க."

"எந்த மூச்சை?"

"தூக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு மூச்சு இழுப்பீங்களே, கீழ நின்னுக்கிட்டு. அதைக் கேட்டுத்தானே நாங்க இத்தனை காலமா தூக்கறோம்."

"பழைய மேஸ்திரி குரலைக் கேட்டுத் தூக்கறீங்கன்னுல்ல நினைச்சேன்" என்றார் பஞ்சு.

"அவர் எங்க இருந்தாரு, போன்ல இருந்தாரு" என்றார் ஓட்டுநர்.

பஞ்சு சுமக்காமல், அலமாரியின் பக்கவாட்டில் உள்ளங்கையை மட்டும் வைத்தார். மூச்சை இழுத்தார். உள்ளே சோபாவின் மேல் உட்கார்ந்திருந்த பஸ்ஸம்மாவுக்கும் அது கேட்டது. அவளும் இழுத்துக்கொண்டாள். நான்கு மூலையும் ஒன்றாக எழுந்தன.

அந்த அலமாரி அவள் வீட்டுக்குள் வந்ததை அவள் வாழ்நாளில் மறக்க மாட்டாள். வாசல் நிறைய வந்தது. முன்னறை நிறைய நின்றது. ஆளுயரக் கண்ணாடியில் அவள் வீடு மொத்தமும் தெரிந்தது. கோணலாக நின்ற சோபா, பாதி வெங்காயம், மாப்பிள்ளை இல்லாத கல்யாணப் படம், வாய் பிளந்து நிற்கும் தான். கண்ணாடியின் ஓரத்தில் பஞ்சு வந்து நின்றார். தலையில் காரைத் தூள். "கொஞ்சம், கொஞ்சம், இன்னும் கொஞ்சம். போதும். கை மாத்திக்கோ. அவசரமில்லை." விசில் முதல் தடவையாக ஒரு வேலை முடியும் வரை வாயை மூடிக்கொண்டிருந்தான். அலமாரி ஒருமுறை நிமிர்ந்து, மெல்லத் திரும்பி, கால் பக்கம் முன்னால் போக, வந்த வழியே வெளியேறிப் படியில் இறங்கிப்போனது. டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார். போகும்போது பஞ்சுவின் புறங்கையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

முதலாளி பெயர்ந்த காரையைத்தான் இன்னொரு முறை பார்த்தார். "பார்த்துச் சொல்றேன்" என்றார். போய்விட்டார்.

மாலை வந்தது. தொலைபேசி அழைப்பு வரவில்லை. பஸ்ஸம்மா சோபாவைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, பாத்திரங்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். பஞ்சு ஜன்னலோரம் உட்கார்ந்து முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தார்.

"எண்ணச் சொன்னது என் பொண்டாட்டின்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள் அவள் கடைசியில், பாத்திரத்தைப் பார்த்தபடி.

"சொன்னது நீ. எண்ணினது நான்தானே."

"நான் சொல்லாம இருந்திருந்தா எண்ணியிருக்க மாட்டீங்க."

"அதெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தா விடியுமா?" என்றார் அவர். "கிடங்கும் நல்ல இடம்தான். மரமெல்லாம் இருக்கு."

அவள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அழுகை முடிவதற்குள் கதவு தட்டப்பட்டது. முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தால், விசில்.

"அண்ணி, அண்ணன் இருக்காரா?"

"இருக்காரு. என்ன, ஊதிச் சொல்ல வந்தியா, வாயால சொல்ல வந்தியா?"

"உள்ள வரலாமா?"

"அலமாரியே வந்துட்டுப் போச்சு. உனக்கென்ன, வா."

அவன் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுத் தம்ளரைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தான்.

"முதலாளி கூப்பிட்டாருண்ணே. என்னை மேஸ்திரியா இருக்கச் சொன்னாரு."

பஞ்சு தலையாட்டினார். "நல்லது."

பஸ்ஸம்மா அடுப்படி வாசலில் சாய்ந்துகொண்டாள்.

"வாடிக்கையாளர் முன்னாடி தப்பை ஒத்துக்கிறவன் மேஸ்திரி ஆனா கம்பெனி நடத்த முடியாதுன்னாரு. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. சரின்னு சொல்ல வாயெடுத்தேன்."

"எடுத்து?"

"யோசிச்சுப் பார்த்தேன் அண்ணி. நாளைக்கு ஒண்ணு இடிச்சா, யாருன்னு அவர் கேட்பாரு. மேஸ்திரின்னா நான்தான்னு சொல்லணும். அது என்னால ஆகாது. இன்னைக்கே பார்த்தீங்களே, யார் தலையில கட்டலாம்னு என் கண்ணு தானா தேடுது. சின்ன வயசிலேருந்து அப்படியே பழகிடுச்சு." அவன் பெருமைப்படுகிறானா வருத்தப்படுகிறானா என்று தெரியவில்லை. "எனக்கு மேஸ்திரி ஆகணும்னு ஆசை இருக்கு. மேஸ்திரியா இருக்கத்தான் பயமா இருக்கு."

"முதலாளிகிட்ட இதையெல்லாமா சொன்னே?" என்றார் பஞ்சு.

"இதைச் சொல்வேனா? சத்தம் நான் போடறேன், மேஸ்திரி அண்ணனே இருக்கட்டும்னேன். அவர் யோசிச்சாரு. கூட மாமனார் வேற போன் பண்ணியிருக்காரு, மருமகனும் தனியா பண்ணியிருக்கான், ஒருத்தருக்கொருத்தர் தெரியாம. கடைசியில, யாரு மேஸ்திரியா இருந்தா என்ன, காலையில வேலை நடந்தா சரின்னு உங்களையே வெச்சுட்டாரு."

பஸ்ஸம்மாவின் வாயில் சொற்கள் வந்து முட்டி மோதின. முதலாளியைப் பற்றி நான்கு, விசிலைப் பற்றி ஏழெட்டு, கணவர் இப்போது என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வண்டி. முந்தானை நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கண்கள் மட்டும் தளும்பின.

பஞ்சு தலையணையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நாளைக்கு என்ன வேலை?"

"பல் டாக்டர் கிளினிக்கு. அந்தச் சாயற நாற்காலி இருக்கு, இரும்பு. மாடியிலேருந்து இறக்கணும். குறுகலான படி."

"சரி. கீழ் முனையில நீ நில்லு."

விசில் தம்ளரை உருட்டுவதை நிறுத்தினான். அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மேல் முனையை விட்டு இறங்கியவனில்லை. "நானா? கீழயா?"

"ஆமா."

"நான் கீழ நின்னா சத்தம் யாருண்ணே போடறது?"

"கீழ நின்னு மூச்சு வாங்கினதுக்கு அப்புறமும் போட முடிஞ்சா போடு."

விசில் அவரைப் பார்த்தான். பிறகு உதவி கிடைக்குமா என்று அண்ணியைப் பார்த்தான். அண்ணி முந்தானையைக் கடித்தபடி தரையைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

"மருமகன் விரல் ஆறணும்" என்றார் பஞ்சு. "அவன் ரெண்டு நாள் மேல நிக்கட்டும், மாமனார் பக்கத்துல. நீ ராத்திரி நல்லாச் சாப்பிட்டுட்டு வா. தாமதமா வராதே."

விசில் எழுந்தான். தம்ளரைக் கீழே வைத்தான். "சரிண்ணே" என்றான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஒருமுறை திரும்பி, தோளை ஒருமுறை உருட்டிப் பார்த்துக்கொண்டான். அது நாளைக்குத் தாங்குமா என்று சோதிப்பது போல இருந்தது.

"வரேன் அண்ணி" என்றான்.

அவன் படி இறங்கும்வரை பஞ்சு வாசலில் நின்றார். பிறகு கதவைச் சாத்தினார்.